ஃபேஷன் வேலைக்கு வரணுமா, முதல்ல ஒரு பழைய சட்டைய பிரிச்சுப் பாருங்க

ஃபேஷன்ல வேலை பாக்கணும்னு ஆசைப்படுறவங்க என்கிட்ட கேக்குற முதல் கேள்வி எப்பவுமே "எந்த கோர்ஸ் சேரலாம்"ங்கிறதுதான். பதில் சொல்றதுக்கு முன்னாடி நான் அவங்களுக்கு ஒரு வேலை குடுப்பேன். வீட்ல யாரும் போடாம கிடக்குற ஃபுல் ஹேண்ட் சட்டை ஒண்ண எடுத்து, சீம் ரிப்பர் வச்சு ஒவ்வொரு தையலா பொறுமையா பிரிச்சு, துண்டு துண்டா தரையில பரப்பி வைங்க, எந்தத் துண்டு எதோட சேந்திருந்துச்சுன்னு பென்சில்ல குறிச்சுக்கங்க, அப்புறம் அதையே மறுபடி சட்டையா தைக்க முடியுதான்னு பாருங்க. முன் பக்கம் ரெண்டு, முதுகு ஒண்ணு, யோக் (தோள்ல வர்ற துண்டு) ரெண்டு, கை ரெண்டு, கை முனைல வர்ற கஃப் நாலு, காலர் ரெண்டு, காலர் பட்டி ரெண்டு, கை பிளாக்கெட் (கஃப்புக்கு மேல கை திறக்குற எடத்துப் பட்டி), பாக்கெட்டுன்னு 20 துண்டு பக்கம் வரும், உள்ள ஒட்டியிருக்கிற இன்டர்லைனிங் தனி.

ஒரு முழு நாள் ஆகும், ரெண்டு நாள் ஆனாலும் தப்பில்ல. அந்த நேரத்துல உங்க மனசு எங்க போய் நிக்குதுன்னு கவனிங்க, அதுக்குத்தான் இந்த வேலையே. கையோட மேல் வளைவு, அது போய்ச் சேர்ற ஆர்ம்ஹோல் வளைவ விட கொஞ்சம் நீளமா இருக்கே, அப்ப எப்படி சுருக்கம் இல்லாம உள்ள போச்சுன்னு யோசிச்சீங்கன்னா நீங்க பேட்டர்ன் பக்கம், அதாவது துணி வெட்டுறதுக்கு பேப்பர்ல அளவு போடுற பக்கம். துணிய வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சு நெசவப் பாத்துட்டே இருந்தீங்கன்னா டெக்ஸ்டைல் பக்கம். இந்த பாக்கெட்ட இப்படித் தைச்சா ஒரு நிமிஷம் மிச்சமாகும்னு தோணுச்சுன்னா ப்ரொடக்‌ஷன். பட்டன் ஒருத்தர், நூல் ஒருத்தர், லேபிள் ஒருத்தர்னு இத்தனை பேர்கிட்டருந்து வர்றத யார் ஒருங்கிணைக்கிறான்னு யோசனை போனா மெர்ச்சண்டைசிங். பாதியிலயே போரடிச்சு, பிரிச்ச கைய எடுத்து கழுத்துல சுத்திக்கிட்டு கண்ணாடி முன்னாடி போய் நின்னீங்கன்னா அதுவும் நல்ல சேதிதான், ஸ்டைலிங் உங்களுக்கு ஒத்து வரலாம்.

இத எதுக்கு முதல்லயே சொல்றேன்னா, ஃபேஷன்னதும் எல்லாரும் டிசைனர்ங்கிற ஒரே நாற்காலிய பாத்து ஓடி வர்றாங்க. ஒரு பெரிய கம்பெனில டிசைன் டீம் கையளவுதான் இருக்கும், அவங்க வரைஞ்சது துணியாகி கடைக்குப் போய்ச் சேர்ற வரைக்கும் இருக்கிற ஆளுங்க எண்ணிக்கை அதவிடப் பல மடங்கு. வேலை அங்கதான் இருக்கு, நிறையப் பேரோட திறமையும் அங்கதான் இருக்கு, ஆனா அந்த வேலைங்களோட பேரே பாதிப் பேருக்குத் தெரியாது.

என்னென்ன வேலை, தினமும் என்ன செய்வாங்க

எந்த வேலையா இருந்தாலும் ஷோ அன்னைக்கு எப்படி இருக்கும்னு பாக்காதீங்க, ஒரு சாதாரண நாள்ல காலைலருந்து சாயங்காலம் வரைக்கும் அந்த ஆள் கை என்ன பண்ணிட்டு இருக்கும்னு விசாரிங்க.

பேட்டர்ன் மேக்கர்லருந்து ஆரம்பிக்கிறேன், என் வேலை அதுதாங்கிறதால கொஞ்சம் நீளமா சொல்வேன், பொறுத்துக்கங்க. டிசைனர் குடுக்குற படம் தட்டையானது, உடம்பு உருண்டையானது, நடுவுல இருக்கிற கணக்கு முழுக்க நம்மளோடது. ஒரு பேட்டர்ன் போட்டு, காடா துணில வெட்டி, தைச்சு, ஆள் மேல போட்டுப் பாத்து, அக்குள்ல இழுக்குதா, முதுகுல துணி தேங்கி நிக்குதா, தோள்பட்டைத் தையல் முன்னாடி சரியுதான்னு குறிச்சுக்கிட்டு திரும்ப பேப்பருக்கு வரணும். இப்படி ஒரே உடுப்புக்கு மூணு நாலு தடவை நடக்கும். அப்புறம் கிரேடிங், அதாவது ஒரு சைஸ்ல சரியா வந்தத மத்த சைஸுக்கெல்லாம் கூட்டிக் குறைக்கிறது. எல்லாப் பக்கமும் ஒரே அளவு கூட்டினா போதும்னு புதுசா வர்றவங்க நினைப்பாங்க, ஆனா மார்பு 4 செ.மீ. கூடுற எடத்துல தோள் அவ்வளவு கூடாது, கழுத்து அதவிடக் கம்மி. பெரிய சைஸ் போடுறவங்களுக்கு சட்டை தோள்ல தொங்குறதுக்கும் கை நீளமாப் போறதுக்கும் பல நேரம் இந்தக் கிரேடிங்தான் காரணம். ஒருத்தர் கடைல ட்ரயல் ரூம்ல நின்னு தன் உடம்புலதான் கோளாறுன்னு நினைச்சு வருத்தப்படுறாரே, அந்த வருத்தத்த வராம தடுக்கிற எடத்துல நாம உக்காந்திருக்கோம், எனக்கு இந்த வேலை மேல இவ்வளவு பிடிப்பு வந்ததுக்கு அதுதான் காரணம்.

இதுல இன்னொரு விஷயம் க்ராஸ். பாவு நூல் நேரா ஓடுற திசைல வெட்டினா துணி ஒரு மாதிரி விழும், 45 டிகிரி சாய்ச்சு வெட்டினா அதே துணி இழுபட்டு உடம்போட ஒழுகி விழும். பாரிஸ்ல மாதலீன் வியோனேங்கிற டிசைனர் 1912ல சொந்த ஃபேஷன் ஹவுஸ் திறந்தவங்க, இந்த க்ராஸ் வெட்ட வச்சுத்தான் 1920கள்ல பேர் வாங்கினாங்க, அவங்க படம் வரையறத விட சின்ன மரப் பொம்மை மேல துணியச் சுத்திச் சுத்தியே டிசைன் கண்டுபிடிச்சாங்க. இன்னைக்கும் அரை அளவு மேனிகின் வச்சுப் பழகலாம், துணி நாலுல ஒரு பங்குதான் செலவாகும், கை பழகுறதுக்கு அது தாராளமா போதும்.

மெர்ச்சண்டைசர். இந்த வேலையத்தான் நிறையப் பேர் தப்பாப் புரிஞ்சுக்கறாங்க. ஆர்டர் குடுக்கிறவருக்கும் ஃபேக்டரிக்கும் நடுவுல நின்னு, துணி எப்ப வரும், லேப் டிப் (லேப்ல சாயம் போட்டுக் காட்டுற சின்னத் துண்டு) அப்ரூவல் ஆச்சா, பிரிண்ட்டுக்கு ஸ்ட்ரைக் ஆஃப் (மாதிரிக்கு அடிச்சுக் காட்டுற துண்டு) வந்துச்சா, ஃபிட் சாம்பிளுக்கு என்ன கமெண்ட், பிபி சாம்பிள் (மொத்தமா தைக்கிறதுக்கு முன்னாடி அனுப்புற சாம்பிள்) எப்பப் போகணும், எப்ப கப்பல் ஏறணும்னு ஒவ்வொண்ணையும் டைம் அண்ட் ஆக்‌ஷன் காலண்டர்ல ஓட்டிக்கிட்டே இருக்கணும். நாள் முழுக்க மெயில், ஃபோன், எக்செல். ஞாபக சக்தியும் நிதானமும் இருக்கிறவங்களுக்கு இதவிட வேகமா மேல வர்ற வேலை இந்தத் துறைல இல்லங்கிறது என் அபிப்பிராயம், ஏன்னா ஒரு வருஷத்துலயே நூல்லருந்து பேக்கிங் வரைக்கும் எல்லாத் துறையோட பாஷையும் காதுல விழுந்துடும். கலர் பாக்குற கண்ணும் வேணும். ரெண்டு துணி ஆபீஸ் லைட்ல ஒரே நிறமாத் தெரியும், வெயில்ல வேற வேற நிறமாத் தெரியும், இதுக்கு மெட்டாமெரிசம்னு பேர், அதனாலதான் லைட் பாக்ஸ்ல பகல் வெளிச்சத்துக்கு ஒண்ணு, கடை வெளிச்சத்துக்கு ஒண்ணுன்னு மாத்தி மாத்திப் போட்டுப் பாப்பாங்க. கலர் பாக்குறதுல உங்களுக்கு சிரமம் இருந்தா அத முன்கூட்டியே ஒரு கலர் விஷன் டெஸ்ட் எடுத்துத் தெரிஞ்சுக்கறது நல்லது, லேப் டிப் பாக்குற வேலைய விட்டுட்டு வேற பக்கம் திட்டம் போடலாம், துறையே வேண்டாம்னு விடத் தேவையில்ல.

குவாலிட்டி. சரக்க ஒவ்வொண்ணா எல்லாத்தையும் பாக்க மாட்டாங்க, ஏக்யூஎல், அதாவது எவ்வளவு குறை வரைக்கும் ஏத்துக்கலாம்ங்கிற வரம்ப வச்சு ஒரு சாம்பிள் முறை இருக்கு. உதாரணமா 2,000 பீஸ் இருக்கிற ஒரு லாட்ல, ஏக்யூஎல் 2.5, சாதாரண லெவல்னா 125 பீஸ் எடுத்துப் பாப்பாங்க, 7 வரைக்கும் குறை இருந்தா பாஸ், 8 வந்தா ஃபெயில். கேக்க சுலபமா இருக்கு, ஆனா ஏத்துமதிக்கு ஒரு நாள் இருக்கிறப்ப எட்டாவது குறையப் பாத்துட்டு "இது போகாது"ன்னு சொல்ற தைரியம் வேணும். கண்ணு கூர்மையா இருந்து, மனசுல பயம் இல்லாதவங்க வாங்க, ரொம்பத் தேவையா இருக்கீங்க.

டிசைனர் வேலைக்கு வர்றேன். தினமும் புதுசு புதுசா வரையறாங்கன்னு நினைச்சா ஏமாந்துடுவீங்க. போன சீசன்ல என்ன வித்துச்சுங்கிற கணக்கப் பாக்கணும், அதே டீ-ஷர்ட்டுக்குப் புதுக் கலர் எடுக்கணும், துணிக்காரர் கொண்டுவந்த ஸ்வாட்ச்சத் தடவிப் பாத்து முடிவெடுக்கணும், அடக்கவிலைக்குள்ள வரலன்னு ஒரு பாக்கெட்டத் தூக்கணும், உடுப்போட படம், அளவு, தையல் விவரம் எல்லாம் ஃபேக்டரிக்குச் சொல்ற டெக் பேக் போடணும். பெரிய ஷோக்கள் எல்லாம் வர்ற சீசனுக்கு ஆறு மாசம் முன்னாடியே நடக்குது, செப்டம்பர் அக்டோபர்ல அடுத்த வருஷ வெயில் கால உடுப்பு, பிப்ரவரி மார்ச்ல குளிர்கால உடுப்பு, நியூயார்க், லண்டன், மிலான், பாரிஸ்னு வரிசையா. அப்ப டிசைன் வேலை அதுக்கும் பல மாசம் முன்னாடி தொடங்கியிருக்கும், குளிர்ல உக்காந்து நீச்சல் உடுப்பு யோசிக்கணும், மனசு எப்பவும் ரெண்டு சீசன் தள்ளியே இருக்கும்.

பையிங் (கடைக்கு எத வாங்கறதுன்னு முடிவு பண்றது), விஷுவல் மெர்ச்சண்டைசிங் (கடைல சரக்க அழகா காட்டி வைக்கிறது), ஃபோட்டோ ஷூட் ஸ்டைலிங், காஸ்ட்யூம், எழுத்து, மாடலிங் இதெல்லாமும் இருக்கு, இதுல நான் நேரடியா வேலை பாத்ததில்லங்கறதால ரொம்பப் பேசல. ஒண்ணு மட்டும் சொல்றேன், மாடலிங்னு வந்தா முன்பணம் கேக்குற ஏஜென்சி பக்கமே போகாதீங்க, ஒழுங்கான ஏஜென்சி உங்களுக்கு வேலை வாங்கிக் குடுத்து அதுலருந்துதான் கமிஷன் எடுக்கும்.

அப்புறம் கம்ப்ளையன்ஸ், ஃபேக்டரி சட்டப்படியும் பாதுகாப்பாவும் நடக்குதான்னு பாக்குற வேலை. 2013 ஏப்ரல் 24, வங்கதேசத்துல ராணா பிளாசா கட்டடம் இடிஞ்சு 1,134 பேர் செத்துப் போனாங்க, தைக்கிறதுக்கு வந்தவங்க. முந்தின நாளே சுவர்ல விரிசல் தெரிஞ்சுது, இருந்தும் உள்ள போகச் சொன்னாங்க. அதுக்கப்புறம்தான் கட்டடம், தீ பாதுகாப்புன்னு பிராண்டுகளும் தொழிற்சங்கங்களும் சேந்து ஒப்பந்தம் போட்டாங்க, ஃபேக்டரிய ஆய்வு பண்ற வேலைகளும் பெருகுச்சு. ஐரோப்பிய யூனியன்ல 2024ல வந்த எக்கோ டிசைன் சட்டமும் விக்காத துணிய அழிக்கிறதுக்குத் தடை கொண்டு வருது, உடுப்பு எங்க எப்படிச் செஞ்சதுன்னு டிஜிட்டலா காட்டணும்ங்கிற பக்கமும் போய்க்கிட்டு இருக்கு. அதனால துணியப் பத்தியும் தெரிஞ்சு, சட்டத்தையும் படிச்சுப் புரிஞ்சுக்கறவங்களுக்கு இனிமே நல்ல எடம் இருக்கு, மனசாட்சியோட வேலை பாக்கணும்னு நினைக்கிற பசங்க இந்தப் பக்கம் கண்டிப்பா திரும்பிப் பாக்கணும்.

படிப்பு வேணுமா வேணாமா

ரெண்டு விதமாவும் மேல வந்த டிசைனர்ங்க இருக்காங்க. ஜார்ஜியோ அர்மானி மருத்துவம் படிக்கப் போய் பாதில விட்டவர், மிலான்ல லா ரினாஷெந்தேங்கிற டிபார்ட்மெண்ட் ஸ்டோர்ல ஷோ கேஸ் அலங்காரம் பண்ணித்தான் ஆரம்பிச்சார், சொந்தக் கம்பெனி தொடங்கினது 1975ல, அப்ப 40 வயசு தாண்டியாச்சு. ரெய் கவாகுபோ படிச்சது கலை சம்பந்தமான படிப்பு, ஃபேஷன் ஸ்கூல் பக்கமே போகல, ஜவுளிக் கம்பெனி ஒண்ணுல வேலை பாத்துட்டு 1969ல காம் தே கார்சோன்ங்கிற பிராண்ட தொடங்கினாங்க. வெர்ஜில் ஆப்லோ சிவில் இன்ஜினியரிங்கும் ஆர்க்கிடெக்சரும் படிச்சவர், 2018ல லூயி விட்டான் ஆண்கள் உடுப்புக்குப் பொறுப்பாளரா வந்தார். அலெக்சாண்டர் மெக்வீன் 16 வயசுல பள்ளிக்கூடத்த விட்டுட்டு லண்டன் சாவில் ரோ தையல் கடைல கோட் தைக்கப் பழகினவர், பிறகு சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ் காலேஜ்ல பேட்டர்ன் கட்டிங் சொல்லித்தர்ற வேலை கேட்டுப் போய், அங்கேயே எம்.ஏ. மாணவரா சேந்து 1992ல முடிச்சார்.

இவங்க பேரெல்லாம் சொல்லி "படிப்பு தேவையில்ல"ன்னு நான் சொல்ல வரல. இவங்க எல்லாருமே ஏதோ ஒரு எடத்துல துணிக்கோ கடைக்கோ தொழிலுக்கோ ரொம்பப் பக்கத்துல பல வருஷம் நின்னுருக்காங்க, அத மட்டும் பாருங்க. காலேஜ் அந்த வாய்ப்ப உங்களுக்குக் குறுக்கு வழில குடுக்கும், மெஷின் இருக்கும், வாத்தியார் இருப்பார், கூடப் படிச்சவங்க நாளைக்கு உங்கள வேலைக்குக் கூப்பிடுவாங்க. சாயம், நூல், ஃபைபர் பக்கம் போறதுன்னா கெமிஸ்ட்ரி வேணும், அதுக்கு முறையான டெக்ஸ்டைல் படிப்பு இல்லாம ஒண்ணும் நடக்காது. தையல், பேட்டர்ன் பக்கம்னா ஒரு வருஷ டிப்ளமோவோ நல்ல மாஸ்டர்கிட்ட ரெண்டு வருஷமோ கூடப் போதும்.

காலேஜ் பாக்கப் போனா பிரோஷர் வாங்கிட்டு வந்துடாதீங்க. கடைசி வருஷப் பசங்க தைச்ச உடுப்ப எடுத்து உள்பக்கம் திருப்பிப் பாருங்க. வெளிய பளபளன்னு இருந்து உள்ள நூல் தொங்கிட்டு, ஓரத்துல நூல் பிரியாம இருக்க அடிக்கிற ஓவர்லாக் கூட இல்லாம இருந்துச்சுன்னா அங்க படம் வரையத்தான் கத்துக் குடுக்கறாங்கன்னு அர்த்தம். எத்தனை பேருக்கு ஒரு மெஷின், வகுப்பு முடிஞ்ச பிறகு வொர்க் ஷாப் திறந்திருக்குமா, வாரத்துக்கு எத்தனை மணி நேரம் பேட்டர்ன், இன்டர்ன்ஷிப்ப அவங்களே ஏற்பாடு பண்றாங்களா இல்ல நீங்களே தேடிக்கணுமா, போன வருஷம் முடிச்சவங்க இப்ப என்ன வேலைல இருக்காங்க. இத அங்க படிக்கிற பசங்க கிட்ட தனியாக் கேளுங்க, கேன்டீன்ல உக்காந்து கேட்டா உண்மை வந்துடும்.

வீட்ல உக்காந்தே ஆறு மாசம் என்ன பண்ணலாம்

காசு கட்டி எங்கயும் சேர்றதுக்கு முன்னாடி இந்த ஆறு மாசத்த உங்களுக்கே ஒரு டெஸ்டா வச்சுக்கங்க. சாதாரண தையல் மெஷின் போதும், எம்பிராய்டரி வசதியெல்லாம் வேணாம். தலகாணி உறைல ஆரம்பிச்சு, எலாஸ்டிக் வச்ச பேண்ட், அப்புறம் காலரும் காஜாவும் இருக்கிற சட்டை, கடைசில லைனிங் வச்ச ஏதோ ஒண்ணு, இந்த வரிசைல போங்க. சட்டைக் காலர் முதல் தடவை கோணத்தான் செய்யும், அஞ்சு காலர் மட்டும் தனியாத் தைச்சுப் பாருங்க, அஞ்சாவது முதல் காலர விட நல்லா வந்திருக்கும், அந்த அஞ்சையும் தூக்கிப் போடாம வைங்க, பின்னாடி வேணும்.

கூடவே துணி படிக்கணும். 10 செ.மீ.க்கு 10 செ.மீ. சதுரமா ஒரு துண்டு வெட்டி, சின்ன டிஜிட்டல் தராசுல எடை போட்டு 100ஆல பெருக்கினா அதுதான் ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம்ங்கிறது. 1.6 கிராம் காட்டினா 160 ஜிஎஸ்எம், சாதாரண டீ-ஷர்ட் துணி. ஒரு மாசம் கண்ணுல படுற பழைய துணி எல்லாத்தையும் முதல்ல கைல தடவி ஒரு எண் சொல்லுங்க, அப்புறம் எடை போட்டுப் பாருங்க, கை கொஞ்சம் கொஞ்சமா சரியாச் சொல்ல ஆரம்பிக்கும். அடுத்தது சுருக்கம், 50 செ.மீ. சதுரத்த அழியாத மையில குறிச்சு, துவைச்சுக் காயவச்சு மறுபடி அளங்க, 48 ஆயிருந்தா 4 சதவீதம் சுருங்குதுன்னு அர்த்தம். அப்புறம் எரிச்சுப் பாக்குறது, ஒரே ஒரு நூலப் பிடிச்சு, பக்கத்துல தண்ணி வச்சுக்கிட்டு: காட்டன் பேப்பர் மாதிரி எரிஞ்சு மெல்லிசான சாம்பல் ஆகும், பாலியெஸ்டர் உருகி கெட்டியான மணியா உறையும், கம்பளியும் பட்டும் முடி கருகுற வாசனை அடிக்கும்.

இந்தச் சுருக்கத்த ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, நான் வேலைக்குச் சேந்த புதுசுல ஒரு எடத்துல நிட் துணி (டீ-ஷர்ட்ல வர்ற மாதிரி பின்னல் துணி) ரோல்ல வந்த வேகத்துலயே விரிச்சு வெட்டிட்டாங்க. நிட் துணிய ரோல்லருந்து பிரிச்சு ஒரு நாளாவது தளர்வா போட்டு வைக்கணும், இழுத்துச் சுத்தினது திரும்ப சுருங்கி தன் நிலைக்கு வரணும். அவசரம்னாங்க. தைச்சு முடிச்சு அளந்தா ஒவ்வொரு பீஸும் நீளத்துல 3 செ.மீ. கம்மி, என் பேட்டர்னத்தான் முதல்ல எல்லாரும் சந்தேகப்பட்டாங்க, நான் பேப்பர அளந்து காட்டி நிரூபிக்கிறதுக்குள்ள ரெண்டு நாள் போயிடுச்சு. அத்தனை துணியும் வீண், அதத் தைச்ச கைங்களோட உழைப்பும் வீண். துணி சொல்றத கேக்காம யாரும் இந்தத் தொழில் பண்ண முடியாது.

தையலோட நம்பர் பாஷையும் கத்துக்கங்க, எங்க போனாலும் ஒண்ணுதான். 301னா லாக் ஸ்டிச் (வீட்டு மெஷின்ல வர்ற சாதாரண தையல்), 401 செயின் ஸ்டிச், 504 மூணு நூல் ஓவர்லாக், 406 டீ-ஷர்ட் கீழ் மடிப்புல ரெண்டு கோடாத் தெரியுதே அந்த கவர் ஸ்டிச். உங்க அலமாரில இருக்கிற ஒரு உடுப்ப எடுத்து அதுக்கு முழுசா ஒரு டெக் பேக் போடுங்க: முன்பக்கம் பின்பக்கம் ஃப்ளாட் ஸ்கெட்ச், ஒவ்வொரு அளவும் அதுக்கு எவ்வளவு கூடக் குறைய இருக்கலாம்ங்கிறதும், என்ன துணி, எத்தனை பட்டன், எந்தத் தையல் நம்பர், ஒரு இஞ்சுக்கு எத்தனை தையல், லேபிள் எங்க. அத உடுப்பையே பாக்காத ஒரு ஃப்ரெண்டு கைல குடுத்து படிக்கச் சொல்லி, அவங்க மனசுல வர்ற உடுப்பும் இதுவும் ஒண்ணான்னு பேசிப் பாருங்க, எத விட்டோம்னு அப்பதான் தெரியும்.

கம்ப்யூட்டர்ல முதல்ல இல்லஸ்ட்ரேட்டர், எக்செல், இது ரெண்டும். அப்புறம் போற வேலையப் பொறுத்து க்ளோ மாதிரி 3டி, இல்ல ஜெர்பர், லெக்ட்ரா மாதிரி பேட்டர்ன் சாஃப்ட்வேர். 3டில துணி அழகா விழும், ஆனா அந்தத் துணியோட எடை, இழுவை, விறைப்பு எல்லாம் சரியாக் குடுத்தாத்தான் நெசமா இருக்கும், கைல துணி பழகாதவங்க குடுக்குற எண்ல டெனிம் கூட பட்டு மாதிரி ஆடும்.

போர்ட்ஃபோலியோவும் முதல் வேலையும்

போர்ட்ஃபோலியோல அழகான படம் 40 வேணாம். நாலு வேலை போதும், ஆனா ஒவ்வொண்ணும் ஆரம்பத்துலருந்து முடிவு வரைக்கும் இருக்கட்டும். எதுக்காக யாருக்காக யோசிச்சேன், என்ன துணி ஏன் எடுத்தேன், முதல் ஃபிட்ல என்ன தப்பு, என்ன மாத்தினேன், கடைசி ஃபோட்டோ முன்னாடி பின்னாடி உள்பக்கம். அந்த அஞ்சு காலர வைங்கன்னு சொன்னேனே, அத வரிசையா ஒரு பக்கத்துல ஃபோட்டோ எடுத்துப் போடுங்க. நான் ஆள் எடுக்க உக்காந்தப்பல்லாம் அந்த மாதிரி பக்கத்துலதான் கை நின்னுருக்கு, முதல் தப்ப மறைக்காம அத சரி பண்ண பாதையக் காட்டுற பிள்ளைய நம்பி வேலை குடுக்கலாம். மெர்ச்சண்டைசிங் வேலைக்கு போர்ட்ஃபோலியோவுக்கு பதில் ஒரு கற்பனை ஆர்டருக்கு காலண்டரும் அடக்கவிலைக் கணக்கு போட்ட காஸ்ட்டிங் ஷீட்டும் போட்டுக் கொண்டு போங்க, ஏறக்குறைய யாரும் அப்படிக் கொண்டு வர்றதில்ல.

முதல் வேலையா எனக்குக் கேட்டா சாம்பிளிங் ரூம்தான். டிசைனர், மாஸ்டர், டெய்லர், மெர்ச்சண்டைசர் நாலு பேரும் வந்து சண்ட போடுற எடம் அது, ஓரமா நின்னு கேட்டாலே பாடம். அசிஸ்டன்ட் மெர்ச்சண்டைசர், குவாலிட்டி ட்ரெய்னி, துணிக் கடை ஃப்ளோர், இதுவும் நல்ல வாசல். கடை ஃப்ளோர்ல நின்னவங்களுக்கு, எத எடுத்துப் பாத்துட்டு ஏன் திரும்ப வச்சுட்டுப் போறாங்கன்னு தெரியும், அந்த அறிவு டிசைன் ரூம்ல உக்காந்திருக்கிற பல பேருக்கு இல்ல.

இன்டர்ன்ஷிப்ல ஜாக்கிரதை. நான் முதல்ல போன எடத்துல மூணு மாசம் அயர்ன் பண்ணவும் பார்சல் கட்டவும்தான் விட்டாங்க, பேட்டர்ன் டேபிள் பக்கம் போனா "அப்புறம் பாக்கலாம்"ம்பாங்க, பயணக் காசு கூட குடுக்கல. அப்புறம் சேந்த எடத்துல ஒரு மாஸ்டர் இருந்தார், முதல் நாளே கைல கத்தரிக்கோலக் குடுத்துட்டு, "பேப்பர வெட்டு, துணிய அப்புறம் தர்றேன், முதல்ல அந்த ஆளோட தோளப் பாரு, ரெண்டும் ஒரே உயரமா இருக்கா சொல்லு"ன்னார். பாத்தேன், வலது தோள் இறங்கியிருந்துச்சு. ஒரு வாரத்துல அவர்கிட்ட கத்துக்கிட்டது அந்த மூணு மாசத்துல கத்துக்கல. அதனால சேர்றதுக்கு முன்னாடியே கேட்டுடுங்க, யார்கிட்ட நேரடியா வேலை பாப்பேன், எத்தனை மாசம், என்னென்ன கத்துக்கலாம், என்ன குடுப்பீங்க, நான் பண்ண வேலைய போர்ட்ஃபோலியோல காட்டலாமா. கேட்டதுக்கு முகம் சுளிச்சாங்கன்னா அங்கயே பதில் கிடைச்சிடுச்சு. சும்மா உழைக்கிறதப் பெருமையாப் பேசுறவங்கள நம்பாதீங்க, வீட்ல வசதி இருக்கிற பிள்ளைங்க மட்டுமே தாக்குப் பிடிக்கிற வழி அது, திறமை இருந்தும் எத்தனையோ பேர் அந்த எடத்துலதான் திரும்பிப் போறாங்க.

இன்டர்வ்யூல ஒரு உடுப்ப கைல குடுத்து "இதப் பத்திச் சொல்லு"ம்பாங்க. நேரா டிசைனப் பத்திப் பேச ஆரம்பிக்காதீங்க. தடவிப் பாருங்க, உள்பக்கம் திருப்புங்க, துணி, ஜிஎஸ்எம் சுமார் இவ்வளவு இருக்கும், பக்கத்தையல் 504, கீழ் மடிப்பு 406, கட்டம் பக்கத்தையல்ல சேருது, பாக்கெட்ல சேரலன்னு பாத்தத மட்டும் சொல்லுங்க. தெரியாதத தெரியலன்னு சொல்லலாம், ஒண்ணும் குறையாது.

சொந்த பிராண்ட்

இதக் கேக்காம யாரும் விடமாட்டாங்க. முடிஞ்சா ரெண்டு வருஷம் வேற ஒருத்தர்கிட்ட வேலை பாத்துட்டு ஆரம்பிங்க. கணக்கு எளிசு: நாலு டிசைன், மூணு கலர், அஞ்சு சைஸ், 60 வகை ஆயிடுச்சு, வகைக்கு 10 பீஸ் மட்டும் போட்டாலும் 600 பீஸ், அதுல நடு சைஸ் வித்துப் போயிடும், ஓர சைஸ் அலமாரில நிக்கும், உங்க காசு அதுக்குள்ள மாட்டிக்கும். ரொம்ப ஆசையா இருந்தா ஒரே ஒரு உடுப்பு, ரெண்டு கலர், ஆர்டர் வந்த பிறகு தைச்சுக் குடுக்குற மாதிரி தொடங்குங்க. விலை போடுறப்ப துணி, தையல், பட்டன் மட்டும் கூட்டாதீங்க, வெட்டுல வீணாப் போற துணி, சாம்பிள் செலவு, திரும்பி வர்ற பீஸ், ஃபோட்டோ, பேக்கிங், உங்க சொந்த நேரம் எல்லாம் சேரணும். கடைக்காரருக்குக் குடுத்து விக்கிறதா இருந்தா நீங்க குடுக்குற விலைய அவர் ரெண்டு மடங்கோ அதுக்கு மேலயோ ஆக்கித்தான் விப்பார், அப்பவும் வாங்குறவங்களுக்கு கட்டுப்படியாகுமான்னு முதல்லயே பாத்துக்கணும்.

வயசாயிடுச்சேன்னு தயங்குறவங்களுக்கும் ஒரு வார்த்தை. வெரா வாங் பல வருஷம் வோக் பத்திரிகைல வேலை பாத்துட்டு 1990ல திருமண உடுப்புக் கடை திறந்தப்ப 40 வயசு வாக்குல இருந்தாங்க. வேற துறைல கணக்கு பாத்தவங்க, லாஜிஸ்டிக்ஸ்ல இருந்தவங்க, கெமிஸ்ட்ரி படிச்சவங்க எல்லாம் இங்க வந்தா பழைய அறிவு அப்படியே கை குடுக்கும், பூஜ்யத்துலருந்து தொடங்க வேண்டியதில்ல.

சேந்த முதல் நாள்லருந்து ஒரு நோட்டு வச்சுக்கங்க. கைக்கு வர்ற ஒவ்வொரு துணிலருந்தும் ஒரு சின்னத் துண்டு வெட்டி ஒட்டி, பக்கத்துல ஜிஎஸ்எம், என்ன நூல், துவைச்சா எவ்வளவு சுருங்குச்சு, எந்த ஊசில தைச்சா ஓட்டை விழல, எந்த உடுப்புக்குப் போச்சு, என்ன பிரச்சனை வந்துச்சுன்னு எழுதுங்க, தேதியோட. எங்க வேலை பாத்தாலும் அந்தக் கம்பெனி துண்ட வெளிய கொண்டு போகலாமான்னு கேட்டுட்டு எடுங்க, சில எடத்துல கூடாது, அங்க எழுத்து மட்டும் போதும். நோட்டு வாங்குறப்ப பக்கம் கனமா இருக்கிறதா பாத்து வாங்குங்க, துணி ஒட்ட ஒட்ட நோட்டு உப்பிக்கிட்டே வரும், மெல்லிசு பேப்பரா இருந்தா நாலாவது மாசம் கிழிஞ்சு கைல வந்துடும். பசைய விட ஸ்டேப்ளர் நல்லது, ஒரு ஓரத்துல மட்டும் பின் அடிங்க, அப்பதான் துணியத் தூக்கி அடிப்பக்கமும் தடவிப் பாக்கலாம்.